மறைவில்லாத சீட்டுக் களம்

ஒருவர் தனியே ஆடும் சீட்டாட்டத்தை ஆங்கிலேயர் 'பேஷன்ஸ்' என்பர். அமெரிக்கர் 'சாலிட்டேர்' என்பர். முன்னது பொறுமையையும் பின்னது தனிமையையும் குறிக்கும் சொல். ஊரை விட்டு வந்து உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு இவ்விரண்டுமே பழகிப்போனவை.

நேயர்களிற் பலர் அறிந்திருக்கக்கூடியது 'க்ளாண்டைக்' என்னும் வகை. அதன் களத்தில் ஏழு வரிசைகள். அவற்றில் 28 சீட்டுகள். ஒவ்வொரு வரிசையின் கடைசிச் சீட்டு மட்டுமே முகம் காட்டும். எஞ்சிய 24 சீட்டுகள் கட்டாகக் கவிழ்ந்து கிடக்கும். ஆக, ஆட்டம் தொடங்கும்போது நம் கண்ணுக்குத் தெரிபவை ஏழே. தோற்றவன் தன் அறிவை நொந்துகொள்வதா, விதியை நொந்துகொள்வதா என்பது அவனுக்கே விளங்குவதில்லை.

இந்த மறைவை நீக்கிய ஆட்டங்களும் இருந்தன. பேக்கர் என்னும் கணித அறிஞரின் பெயரால் வழங்கிய ஒன்றை மார்ட்டின் கார்டனர் 1968 ஜூன் மாத 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் விவரித்தார். அதில் ஒரே இனச் சீட்டுகளையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்; ஆதலால் வெல்வது கடினம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற பால் ஆல்ஃபில் 1978இல் அங்கிருந்த 'பிளேட்டோ' கணினியில் அவ்வாட்டத்தை மாற்றி அமைத்தார். சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு என்பதே அம்மாற்றம். சிறிய மாற்றந்தான், ஆயினும் ஆட்டத்தின் இயல்பையே அது மாற்றிவிட்டது. இதுவே 'ஃப்ரீசெல்'.

இதன் களத்தைச் சற்று நோக்குவோம். எட்டு வரிசைகள், முதல் நான்கில் ஏழேழு சீட்டுகள், பின் நான்கில் ஆறாறு. ஐம்பத்திரண்டும் முகம் காட்டியே கிடக்கும். வலப்புறம் மேலே, ஆஸ் முதல் ராஜா வரை இனவாரியாகச் சேர்க்க நான்கு இடங்கள். கீழிருந்து மேலே கட்டப்படுவதால் இவற்றுக்கு ஆங்கிலத்தில் அஸ்திவாரம் என்றே பெயர். இடப்புறம் மேலே நான்கு காலி அறைகள். ஓர் அறையில் ஒரு சீட்டையே ஒதுக்கி வைக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு சீட்டையே நகர்த்தலாம் என்பது விதி. மூன்று அறைகள் காலியாக இருப்பின், மூன்று சீட்டுகளை அவற்றில் ஒதுக்கி, நான்காவதை இடம் மாற்றி, ஒதுக்கியவற்றை அதன்மேல் அடுக்கலாம். அதாவது நான்கு சீட்டுத் தொடர் பெயர்கிறது. நான்கும் நிரம்பிவிட்டாலோ ஒற்றைச் சீட்டுதான் அசையும். ஆகவே, காலியாய் இருக்கும் அறையே கையிருப்பு. முதல் தடையிலேயே அறைகளை நிரப்பிவிடுபவர் பெரும்பாலும் தோற்கிறார்.

இனி, எல்லாம் வெளிப்படையாயிருக்கையில் எந்தப் பகிர்வையும் வென்றுவிட முடியுமா? விண்டோஸ் 95 உடன் வந்த ஃப்ரீசெல்லில் 32,000 பகிர்வுகள், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணோடு இருந்தன. இணையத்தின் வாயிலாக ஒன்றுகூடிய ஆர்வலர்கள் 1994, 1995 ஆண்டுகளில் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டு ஆடித் தீர்த்தனர். ஒன்று மட்டும் எவர்க்கும் பணியவில்லை. அதன் எண் 11,982. அதற்குத் தீர்வே இல்லையெனக் கணினி நிரல்கள் எல்லா வழிகளையும் தேடிப் பின்னர் உறுதிசெய்தன. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி பகிர்வுகளைப் பத்து இலட்சமாகப் பெருக்கிற்று. அவற்றுள் வெல்லவொண்ணாதவை எட்டே.