எத்தனை பேர், எத்தனை அறை: திருவண்ணாமலையில் தங்கியவர்களின் கதை

கார்த்திகை நெருங்கும்போது திருவண்ணாமலையில் வேலை பார்ப்பவனுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். பத்து வருடமாகப் பேசாத கல்லூரித் தோழன்கூட நலம் விசாரித்து முடிப்பதற்குள் கேட்டுவிடுவான்: "தீபத்துக்கு ஒரு ரூம் கிடைக்குமா?" சில ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து என் அத்தை அழைத்தார். அவர் கேட்டது ஒரு ரூம் அல்ல. "நாங்க பதினாலு பேரு வாரோங்கண்ணு. ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு எடம் பாத்து வையி" என்றார். அத்தைக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. மகன்கள், மருமகள்கள், மகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதில் அடக்கம். என் வாடகை வீட்டில் இருப்பது ஒன்றரை அறை.

இடம் தேடி இரண்டு மாலைகள் நடந்தேன். சன்னதித் தெருவில் தொடங்கித் திருவூடல் தெரு, போளூர் சாலை, செங்கம் சாலை என்று ஏறி இறங்கிய ஒவ்வொரு விடுதி வரவேற்பு மேசையிலும் முதல் கேள்வி மாறவே இல்லை. "எத்தனை ரூம் சார்?" எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினான்கு பேர் என்று நானாகச் சொன்னதும் ஓர் இளைஞர் விரல்விட்டு எண்ணி, ஏழு டபுள் ரூம், எக்ஸ்ட்ரா பெட் போட்டால் ஐந்து என்றார். தீப நாளுக்கு அவர் சொன்ன வாடகையை ஐந்தால் பெருக்கியபோது வந்த தொகை என் அரை மாதச் சம்பளத்தை எட்டியது. விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அன்று எல்லா இடத்திலும் அதே கணக்குத்தான். அந்த இளைஞர் மீது குற்றமும் இல்லை. இருவருக்கு ஓர் அறை என்ற அளவுகோலை அவர் வகுக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன். இந்தக் கட்டுரை அந்த யோசனையின் தொடர்ச்சி.

அத்தை வரவேண்டிய வழி சேலம், ஊத்தங்கரை, செங்கம். தமிழ் படித்தவன் செங்கம் என்ற பெயரைக் கேட்டால் நன்னன் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டான். பத்துப்பாட்டின் இறுதி நூலான மலைபடுகடாம் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனைப் பாடுகிறது. பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். 583 அடிகள் கொண்ட அந்த நூலை நான் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனால் தங்குமிடம் தேடி அலைந்த அந்த மாலைகளுக்குப் பிறகுதான் அது எதைப் பற்றிய நூல் என்பது வேறு விதமாகப் புரிந்தது. விறலியரும் இசைக்கருவிச் சுமையுமாக ஒரு பெருஞ்சுற்றம் மலைவழியே நடக்கிறது. அவர்களுக்கு வழி சொல்கிறவன் ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே உண்ணலாம், எங்கே இரவைக் கழிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போகிறான். மலைவாழ் மக்களின் சிற்றூர்களில் நன்னனின் கூத்தர் என்று சொல்லித் தயங்காமல் நுழையலாம். ஊர் இல்லாத இடத்தில் இருட்டிவிட்டால் பாறைக் குகைகளில் தங்கலாம். நவிர மலையும் அதில் உறையும் காரியுண்டிக் கடவுளும் சேயாறும் அந்த வழியில் வருகின்றன. நவிரத்தை இன்றைய பருவதமலையாகக் கொள்பவர்கள் உண்டு. பரிசிலைப் பற்றிய ஆசை அந்த நூலில் இருக்கிறதென்றால், தங்குமிடத்தைப் பற்றிய கவலையும் அதே அளவுக்கு இருக்கிறது. அந்தக் கவலை தனியாளுக்கு உரியதல்ல, ஒரு கூட்டத்துக்கு உரியது.

காப்பியக் காலத்தில் பொது இடம் வந்துவிடுகிறது. மணிமேகலை அமுதசுரபியோடு சென்று நிற்கும் புகாரின் உலக அறவி ஓர் அம்பலம். யாரும் வந்து கிடக்கலாம். பிற்காலத்தில் மண்டபம், சாவடி, மடம், சத்திரம் என்று பெயர்கள் பெருகுகின்றன. தமிழகத்தில் சத்திரத்தின் உச்ச வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சை மராட்டியர் காலத்துக்குப் போகவேண்டும். இராமேசுவரப் பாதையில் அவர்கள் வரிசையாகச் சத்திரங்கள் வைத்தார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரும்புகழ் பெற்றது. இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று இந்தச் சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறது. வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருத்துவம், கருவுற்ற பெண் வந்தால் பேறு முடியும்வரை கவனிப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் அதில் வருகின்றன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று அழைத்துப் பார்த்த செய்தியும் உண்டு. வழியில் ஒருவர் இறந்துபோனால் அடக்கமும் சத்திரத்தின் பொறுப்பு. பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரு குடும்பத்துக்கு நேரக்கூடிய அனைத்தும் வழியிலும் நேரலாம் என்று எண்ணி அமைத்த இடம் அது.

திருவண்ணாமலையில் அத்தகைய ஒற்றை அரச நிறுவனம் இல்லை. இங்கே அரசர்களின் கவனம் கோபுரத்தின் மேல் இருந்தது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சைச் சேவப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரம் அதற்குச் சாட்சி. தங்குமிடத்தைக் கவனித்தவர்கள் மடங்களும் வணிகர்களும் சாதிச் சமூகங்களும்தாம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் ஒவ்வொரு சமூகத்தின் பெயரையும் தாங்கிய சத்திரங்களைக் காணலாம். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கட்டடமானால் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். வாசலில் அகன்ற திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் கிணறும் கோட்டை அடுப்பும். அறை என்று ஒன்றிரண்டு இருக்கும். அவை பண்டபாத்திரம் வைக்க, உடை மாற்ற, கைக்குழந்தைக்காரிகள் ஒதுங்க. மற்றபடி தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பதுதான் வழக்கம். மணியக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊரு, யாரு வீடு, எத்தனை பேரு?" பேர் கூடினால் பாய்கள் நெருங்கும், அவ்வளவே.

'யாரு வீடு' என்ற அந்த நடுக்கேள்வியைக் கடந்து போய்விட எனக்கு மனமில்லை. சத்திரத்தை நினைத்து ஏங்குபவர்கள் (நானும் அவர்களில் ஒருவன் என்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்) இங்கே சற்று நின்றாக வேண்டும். அந்தக் கேள்வி சாதியை விசாரித்தது. 1904இல் காசிக்குச் சென்ற ஈ.வெ.ராமசாமி, பிராமணரல்லாதார் பணத்தில் கட்டிய சத்திரத்திலேயே சோறு மறுக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்ட கதையை அவர் வரலாறு அறிந்தவர்கள் அறிவார்கள். நம் ஊர்ச் சத்திரங்களும் விலக்கல்ல. தன் சமூகத்தாரின் பதினான்கு பேருக்கு மறுபேச்சின்றிப் பாய் விரித்த அதே மணியக்காரர், இன்னொரு சமூகத்தின் தனியாளுக்குத் திண்ணையைக்கூட மறுத்திருப்பார். சத்திரமே கட்ட முடியாத சமூகங்கள் மரத்தடியிலும் வண்டியடியிலும் தீபம் பார்த்தன. கடை, உணவகம், விடுதி எதிலும் சாதி, சமயம் பார்த்து ஒருவரைத் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு 1950இல் சொன்னது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. காசு கொடுத்தால் சாவி தரும் லாட்ஜ், பெயரையும் ஊரையும் மட்டும் பதிவேட்டில் எழுதச் சொன்னபோது, பலருக்கு அது முதல் மரியாதையாக இருந்திருக்கும். இருவர் அறையின் கதையில் இந்த நன்மையைச் சேர்க்காமல் விட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

லாட்ஜுக்கு முன்னால் ரயில் வந்தது. 1896 செப்டம்பர் முதல் நாள் காலையில் திருவண்ணாமலை நிலையத்தில் இறங்கிய பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனுக்கு அறை தேவைப்படவில்லை. ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம், பவழக்குன்று என்று இடம் மாறி, விரூபாட்சி குகைக்குச் சென்று 1916வரை அங்கே இருந்தார். இரமண மகரிஷியின் வரலாற்றில் அந்தக் குகையைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி என் பொருளுக்கு நேரே தொடர்புடையது. கார்த்திகைக் கூட்டத்தின்போது குகைக்கு வருவோரிடம் அதற்குரிய மடத்தார் சிறு கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். ரமணர் எதுவும் பேசாமல் வெளியேறி ஒரு மரநிழலில் உட்கார்ந்தார். கட்டணம் வாங்கும் எல்லையை மரத்தையும் உள்ளடக்கி வெளியே தள்ளினார்கள். அவர் அங்கிருந்தும் எழுந்து வேறு குகைக்குப் போய்விட்டார். அவர் இல்லாத குகைக்கு வருவார் இல்லை, வருமானமும் இல்லை. அவர் தங்கியிருக்கும்வரை வசூல் இல்லை என்று மடத்தார் இறங்கிவந்தார்கள். திருவிழாக் காலத்து இடத்துக்கு விலை ஏறுவது லாட்ஜ் யுகத்தின் கண்டுபிடிப்பு அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1922க்குப் பிறகு மலையடிவாரத்தில் ரமணாசிரமம் வளர்ந்தபோது தங்குமிடச் சிக்கல் இன்னொரு வடிவம் எடுத்தது. மகரிஷியின் காலத்தில் இரவில் பெண்கள் ஆசிரமத்துக்குள் தங்கும் வழக்கம் இல்லை. பொழுது சாய்ந்ததும் ஊருக்குள் போய்விட வேண்டும். எனவே குடும்பத்தோடு வந்தவர்கள் வெளியே வாடகைக்கு வீடு பிடித்தார்கள். வசதி உள்ளவர்கள் கட்டிக்கொண்டார்கள். எதிரே மோர்வி அரசரின் பெயரில் விருந்தினர் விடுதி எழுந்தது. இன்று வெளிநாட்டவர் நிறைந்திருக்கும் ரமண நகர் வீடுகளின் தொடக்கத்தில் இந்த 'இரவில் எங்கே' என்ற கேள்விக்கும் ஒரு பங்கு உண்டு.

சத்திரங்கள் தளர்ந்ததற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி கோயில்களோடு சத்திரங்களின் மானியங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. சோறு போட்ட நிலங்களின் குத்தகை, விலைவாசியோடு போட்டிபோட முடியாமல் சுருங்கியது. திருவிழாக் கூட்டத்தோடு வந்த காலரா, பாய் நெருக்கத்தையே ஓர் ஆபத்தாக மாற்றியது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் தங்கல்மனைகளுக்கும் சந்தை, திருவிழாக்களுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. எத்தனை பேர் என்பது விருந்தோம்பலின் கேள்வியாக இருந்த நிலை போய், சுகாதார ஆய்வாளரின் கேள்வியானது. ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், உள்ளேயே குளியலறை என்ற அறை அதற்கு விடையாக வந்தது. புதுமணத் தம்பதிகளுக்கும் வணிகப் பிரதிநிதிகளுக்கும் அது மிகவும் பொருந்தியது. சத்திரங்களை நடத்திய சங்கங்கள் முற்றத்தைத் தளம் போட்டு மூடித் திருமண மண்டபம் ஆக்கின. ஆண்டுக்குப் பத்து நாள் தீபத்தை விட முகூர்த்த நாட்கள் அதிகம் அல்லவா?

பிறகு கிரிவலம். 14 கிலோமீட்டர் சுற்று வழி பழையது. மாதந்தோறும் பௌர்ணமியில் லட்சக்கணக்கானவர் நடப்பது 1990களில் பெருகிய வழக்கம். அவர்கள் பெரும்பாலும் தங்குவதே இல்லை. மாலையில் இறங்கி, இரவெல்லாம் நடந்து, விடிகாலைப் பேருந்தில் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்கிறார்கள். அறை தேவைப்படுவது நடக்க முடியாதவர்களுக்கும் நடுவில் தூங்கிவிடும் குழந்தைகளுக்கும். அதாவது, பெரிய குடும்பங்களுக்கு. அவர்களுக்குத்தான் இருவர் அறை பொருந்தாமல் நிற்கிறது. அறநிலையத் துறையின் யாத்திரிகர் விடுதி வந்திருப்பது ஆறுதல். வரியிலும் ஒரு பழைய நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2022 ஜூலை 18 முதல் நாள் வாடகை 1000 ரூபாய்க்குக் குறைந்த விடுதி அறைகளுக்கும் 12 விழுக்காடு வரி விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 ஆனது. ஆனால் சமய அறக்கட்டளைகள் 1000 ரூபாய்க்குக் கீழ் விடும் அறைகளுக்கு இருந்த விலக்கை எடுக்கவில்லை. சத்திரம் வேறு, லாட்ஜ் வேறு என்பது வரித்துறைக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அத்தைக்கு இடம் கிடைத்தது. மூன்றாம் நாள், மாணவர் ஒருவர் தன் மாமா பொறுப்பில் இருக்கும் திருமண மண்டபம் ஒன்றைச் சொன்னார். தீபத்தன்று முகூர்த்தம் இல்லாததால் கூடத்தை ஆட்கணக்கில் விடுகிறார்கள். மணமகள் அறையை எங்களுக்கே ஒதுக்கினார்கள். மேடைக்குக் கீழே ஜமுக்காளம் விரித்து மற்றவர்கள் படுத்தார்கள். எங்களைத் தவிர இன்னும் நான்கு குடும்பங்கள். ஒரு குடும்பம் கடலூரிலிருந்து, ஒன்று பெங்களூரிலிருந்து வந்திருந்தது. இரவு பதினொரு மணிக்கும் யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. யாரோ ஓர் அம்மாள் புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். யாரும் யாரையும் எந்த வீடு என்று கேட்கவில்லை.

காலையில் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் வரை போய்வந்தார். மாமியாரோடு 1960களில் வந்தபோது தங்கிய சத்திரம் இதே தெருவில்தான் இருந்தது என்றார். நான் ஆவலோடு எந்தக் கட்டடம் என்று கேட்டேன்.

"அது எங்கியோ போச்சுங்கண்ணு. ஆனா இந்தக் கெணறு அதேதான். மூடி போட்டு மோட்டார் வெச்சிருக்காங்க."