குவாய் நதிப் பாலமும் சயாம் தமிழரும்

வரலாற்றைத் திரைப்படமாக்கும் கலைஞன் தன் கற்பனைக்கு இடம் தருவது இயல்பே. ஆயினும், ஒரு நிகழ்ச்சியில் மிகுதியாக உழைத்து, மிகுதியாக மாண்ட மக்களே அப்படத்தில் இடம்பெறாது போவார்களாயின், அதனைக் கலைஞனின் உரிமை என்று கூறி அமைதல் இயலாது. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் போர்ப்படம் இதற்குத் தக்க சான்று.

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் எழுதிய புதினமே அதன் மூலம். இலங்கையில், களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கலவில் படமாக்கப்பட்ட அது ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கர்னல் நிக்கல்சன், அதிகாரிகள் உடலுழைப்பில் ஈடுபடலாகாது என்னும் விதிக்காகத் துன்பங்களை ஏற்கிறார். பின்னர், பகைவனுக்கே சிறந்ததொரு பாலத்தைக் கட்டித் தருகிறார். போரின் பேதைமையை உணர்த்தும் வகையில் அது சிறந்த படைப்பே. ஆயின், அந்த இரயில்பாதையில் உழைத்து மடிந்த ஆசியத் தொழிலாளருள் ஒருவர்கூட அதில் கதைமாந்தராக இல்லை.

உண்மை வரலாறு யாது? சயாமின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தன்பியூசயாட்டையும் இணைக்கும் ஏறத்தாழ 415 கிலோமீட்டர்ப் பாதையை ஜப்பானியர் 1942-43இல் அமைத்தனர். அப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர்; அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பர்மியர், மலாயர், ஜாவானியர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் எனத் திரண்ட ஆசியத் தொழிலாளரோ ஒன்றரை இலட்சத்திற்கும் மிகுதி. அவர்களுள் மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. கைதிகளிடையே படைமருத்துவர் இருந்தனர். முகாமின் தூய்மையைப் பேணும் கட்டுப்பாடும் இருந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு இவை வாய்க்கவில்லை. குறுகிய கால வேலை என்னும் சொல்லை நம்பிச் சென்றோரும், வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். 1943இல் காலரா பரவியபோது அவர்தம் குடிசைகளில் சாவு பெருகியது.

இறந்த பின்னும் இவ்வேற்றுமை நீங்கவில்லை. படைவீரனுக்குப் பதிவேடு இருந்தது. அவன் பெயரைத் தாங்கிய கல்லறையைக் காஞ்சனபுரியில் இன்றும் காணலாம். அதிகாரிகள் நினைவுக்குறிப்புகள் எழுதினர். கூலியாகச் சென்றவனுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. ஏட்டில் இல்லாதவன் நூலிலும் இல்லை; நூலில் இல்லாதவன் திரையிலும் இல்லை. படம் செய்த பிழை, ஆவணம் செய்த பிழையின் தொடர்ச்சியேயாகும்.

எனினும், திரையின் ஆற்றல் ஏட்டின் ஆற்றலினும் பெரிது. உண்மையான பாலம் அமைந்திருந்தது மே குளோங் ஆற்றின்மீது. படத்தைக் கண்டு 'குவாய் நதி'யைத் தேடி வந்தோர் பெருகவே, ஆற்றின் அப்பகுதிக்கே 1960களில் 'குவே யாய்' எனப் பெயர் மாற்றினர். ஆற்றின் பெயரையே மாற்றவல்ல படம், அங்கு யார் மாண்டார் என்னும் உலகின் நினைவையும் மாற்றியதில் வியப்பில்லை.

அதிகாரி கையால் உழைப்பது இழிவா என்பதே நிக்கல்சன் எழுப்பும் வினா. கையுழைப்பையன்றி வேறொன்றும் அறியாத ஒரு தோட்டத் தொழிலாளி அம்முகாமின் ஓரத்தில் நின்றிருப்பின், அவ்வினா எத்துணை ஆழம் பெற்றிருக்கும்! அவனைச் சேர்ப்பது கருணைச் செயலன்று, கதையின் தேவையேயாகும்.

இக்குறையை ஓரளவு நீக்கியது மலேசியத் தமிழிலக்கியம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் அம்மக்களைக் கதைமாந்தராக்கின. சென்றவர் யார், திரும்பாதவர் யார் என்பதை அறிந்த குடும்பங்கள் இன்னும் உள்ளன. அவர்தம் வாய்மொழியில் எஞ்சியுள்ள பெயர்களையேனும் எழுதிவைத்தல் வேண்டும். நாளை எடுக்கப்படும் படத்திற்கு அந்தப் பெயர்ப்பட்டியலே முதல் ஆவணமாகும்.