உலகக் காலநிலைக் கூட்டணி

உலகக் காலநிலைக் கூட்டணி என்பது, பைங்குடில் வளிமங்களின் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களையும் பன்னாட்டு உடன்பாடுகளையும் எதிர்ப்பதற்காக 1989 முதல் 2002 வரை ஐக்கிய அமெரிக்காவில் இயங்கிய தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஆகும். சட்டமியற்றுவோரை அணுகித் தமக்குச் சாதகமான முடிவுகளைப் பெற முயலும் "லாபி" வேலையே இதன் முதன்மைப் பணியாக இருந்தது. மனிதச் செயற்பாடுகளுக்கும் புவி சூடாதலுக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்குரியது என வெளியில் கூறிவந்த இவ்வமைப்பு, தனது சொந்த அறிவியல் ஆலோசகர்கள் அதற்கு மாறாக எழுதிக் கொடுத்ததை வெளியிடாமல் வைத்திருந்தமை பிற்காலத்தில் தெரியவந்தது.

தோற்றமும் உறுப்பினரும்

காலநிலை மாற்றத்தை ஆராய்வதற்காக ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 1988 இல் ஐ.பி.சி.சி. எனப்படும் அரசுகளிடைக் குழுவை உருவாக்கின. அதே ஆண்டில் நாசா அறிவியலாளர் ஜேம்ஸ் ஹான்சன், புவி சூடாதல் தொடங்கிவிட்டதாக அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். கட்டுப்பாடுகள் வரக்கூடும் என்பதை உணர்ந்த தொழில் துறையினர் அடுத்த ஆண்டில் இக்கூட்டணியை அமைத்தனர். எக்சான், ஷெல், பிபி, டெக்சாக்கோ, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்களும், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் போன்ற சங்கங்களும் இதில் உறுப்புரிமை பெற்றிருந்தன. 1997 ஆம் ஆண்டில் இதன் வரவு செலவு 16.8 இலட்சம் டாலர்கள். உறுப்பு நிறுவனங்களின் வருமானத்துடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகையே.

நீக்கப்பட்ட பக்கங்கள்

கூட்டணிக்கு அறிவியல், தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது. உறுப்பு நிறுவனங்களிலேயே பணியாற்றிய வல்லுநர்கள் இதில் இடம்பெற்றனர். இக்குழு 1995 இல் காலநிலை மாற்றம் பற்றிய அறிமுக ஏடு ஒன்றின் வரைவைத் தயாரித்தது. பைங்குடில் விளைவுக்கும், கரியமில வாயு போன்றவற்றை மனிதர் வெளியேற்றுவதால் காலநிலையில் ஏற்படக்கூடிய தாக்கத்துக்கும் உரிய அறிவியல் அடிப்படை நன்கு நிறுவப்பட்டது, அதை மறுக்க முடியாது என அவ்வரைவு கூறியது. ஆயினும், எதிர்காலத்தில் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதைத் துல்லியமாகக் கணிக்க இயலாது என்றும் அது குறிப்பிட்டது.

வரைவின் மற்றொரு பகுதி இன்னும் முக்கியமானது. சூரியனின் ஒளிர்வில் ஏற்படும் மாறுபாடே வெப்பமாதலுக்குக் காரணம் என்பது போன்ற மாற்றுக் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த ஆலோசகர்கள், அவை பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கத்தை முறியடிக்கும் அளவுக்கு வலுவானவை அல்ல என்ற முடிவுக்கு வந்திருந்தனர். வெளியிடுவதற்கு முன் இப்பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் சட்டமியற்றுவோருக்கும் செய்தியாளருக்கும் கூட்டணி வழங்கிய குறிப்பேடு, காலநிலை மாற்றத்தில் பைங்குடில் வளிமங்களின் பங்கு நன்கு அறியப்படவில்லை என்றே கூறியிருந்தது.

இந்த ஆவணங்கள் வெளிவந்த வழியும் கவனிக்கத்தக்கது. வாகனப் புகைக் கட்டுப்பாடு தொடர்பாகக் கலிபோர்னியா மாநிலத்தை எதிர்த்துத் தானுந்துத் துறையினரே தொடர்ந்த வழக்கு ஒன்றில் 2007 இல் இவை வெளிப்பட்டன. 2009 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இவற்றைப் பற்றி எழுதியது. பரப்புரைக்கும் ஆலோசகரின் முடிவுகளுக்கும் இடையே இருந்த இடைவெளியைத் தலைமை அறிந்திருக்கவில்லை எனக் கூட்டணியின் தலைவர்களுள் ஒருவராக இருந்த வில்லியம் ஓகீஃப் அப்போது தெரிவித்தார். அப்படியாயின் அப்பகுதியை நீக்குவதற்கான காரணம் என்ன என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

ஐ.பி.சி.சி. அறிக்கை மீதான தாக்குதல்

காலநிலையில் மனிதரின் செல்வாக்கு புலப்படுவதாக ஐ.பி.சி.சி.யின் இரண்டாம் அறிக்கை கூறியது. அதற்குரிய இயலின் தலைமை ஆசிரியரான பெஞ்சமின் சாண்டர் அதில் முறைகேடாகத் திருத்தம் செய்ததாகக் கூட்டணி 1996 இல் குற்றம் சாட்டியது. மதிப்பாய்வாளரின் கருத்துகளுக்கு ஏற்ப, விதிமுறைப்படியே திருத்தங்கள் செய்யப்பட்டன என ஐ.பி.சி.சி. விளக்கியது.

கியோட்டோ நெறிமுறை

வளரும் நாடுகள் மீது கடப்பாடு சுமத்தாத எந்த உடன்பாட்டிலும் அமெரிக்கா கையெழுத்திடக் கூடாது என்ற பிர்ட்-ஹேகல் தீர்மானம், 1997 சூலையில் மேலவையில் 95-0 என்ற கணக்கில் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே, இக்கூட்டணியும் பிற தொழில் அமைப்புகளும் ஆதரித்த 1.3 கோடி டாலர் விளம்பர இயக்கம் ஒன்று, இந்தியா, சீனா போன்ற நாடுகளுக்கு விலக்கு அளிக்கும் உடன்பாடு பயன் தராது என்று மக்களிடம் கூறியது. அக்காலத்தில் இந்தியர் ஒருவருக்கான ஆண்டுக் கரியமில வாயு வெளியேற்றம் ஏறத்தாழ 1 டன். அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 20 டன்.

2001 மார்ச்சில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கியோட்டோ நெறிமுறையை நிராகரித்தார். அந்த முடிவுக்குக் கூட்டணி தெரிவித்த கருத்துகளும் ஓரளவு காரணம் என அதன் பிரதிநிதிகளிடம் எடுத்துரைக்குமாறு, அதே ஆண்டு சூனில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரி ஒருவருக்குத் தயாரித்த குறிப்பு கூறுகிறது. இக்குறிப்பு தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் பின்னர் வெளியானது.

விலகலும் கலைப்பும்

பிபியின் தலைவர் ஜான் பிரவுன் 1997 மே மாதத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், காலநிலை மாற்றத்தைப் புறக்கணிக்க முடியாது என ஏற்றுக்கொண்டார். பிபியைத் தொடர்ந்து ஷெல் 1998 இலும், ஃபோர்டு 1999 இலும், டெக்சாக்கோவும் ஜெனரல் மோட்டார்சும் 2000 இலும் விலகின. தனி நிறுவனங்களைத் தவிர்த்துத் தொழில் சங்கங்களை மட்டும் கொண்ட அமைப்பாக மாறிய கூட்டணி, தனது நோக்கம் நிறைவேறியதாகக் கூறி 2002 இல் கலைந்தது.

பிற்காலம்

கூட்டணி மறைந்த பின்னரும், ஒரு நிறுவனம் தன் பெயரில் சொல்வதும் அதன் பணம் செய்வதும் வேறுபடுவது நின்றுவிடவில்லை. கரிம வெளியேற்றத்துக்கு விலை வைப்பதை ஆதரிப்பதாகக் கூறிய பிபி, 2018 இல் வாஷிங்டன் மாநிலத்தில் டன்னுக்கு 15 டாலர் கட்டணம் விதிக்கும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதைத் தோற்கடிக்க ஏறத்தாழ 1.3 கோடி டாலர் செலவிட்டது. திட்டம் சில பெரிய மாசாளர்களுக்கு விலக்கு அளிப்பதாக அந்நிறுவனம் காரணம் கூறியது.

2021 இல் கிரீன்பீஸ் அமைப்பு இரகசியமாகப் பதிவுசெய்த காணொளியில், எக்சான்மொபிலின் பரிந்துரையாளர் ஒருவர், கரிம வரி ஒருபோதும் நடைமுறைக்கு வராது என அறிந்தே நிறுவனம் அதை ஆதரிப்பதாகப் பேசியிருந்தார். நிறுவனத்தின் தலைவர் டாரன் வுட்ஸ் இக்கூற்றைக் கண்டித்து, அது நிறுவனத்தின் நிலைப்பாடு அன்று என அறிவித்தார். அதே ஆண்டு சனவரியில், காலநிலைக் கொள்கையில் கருத்து வேறுபாடு காரணமாகப் பிரான்சின் டோட்டல் நிறுவனம் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்திலிருந்து விலகியது.