சாவா மூவாப் பேராடும் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்பதும்

பிழை திருத்துறவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் படிச்சாலும் கையில பேனா இருக்கிற மாதிரியே படிப்போம். கல்யாணப் பத்திரிகை, பேருந்து நிலையப் பலகை, மருந்துச் சீட்டு எதுவும் தப்பாது. புதுக்கோட்டையில இருக்கிறதால எனக்குக் கல்வெட்டும் அதுல சேர்ந்துபோச்சு. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலங்களை அரச மரபு வாரியாகப் பிரித்து 1929-இல் ஒரு தொகுதியாகப் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. பலவற்றுக்கு கே.ஆர். சீனிவாச ஐயர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1940-களில் வந்தது. வரலாற்றுக்காகப் படிக்கிறவர்கள் அரசன் பெயரையும் ஆண்டையும் தேடுவார்கள். நான் வாக்கியத்தைப் பார்க்கிறேன்.

முதலில் எழுத்து. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. மெய்யெழுத்துக்கும் குறில் எ, ஒ-க்கும் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. கல் வெட்டினவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குறிலையும் நெடிலையும் வேறுபடுத்த இன்று நாம் போடும் சுழி, 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தோடு வந்தது. அதற்கு முன்னால் 'எரி'யும் 'ஏரி'யும் பார்வைக்கு ஒன்றுதான். 'கொல' என்று இருந்தால் அது கொல்லாகவும் இருக்கலாம், நிலம் அளக்கும் கோலாகவும் இருக்கலாம். போதாக்குறைக்குத் துணைக்காலும் 'ர'வும் பல இடங்களில் ஒரே மாதிரி இருக்கும். காடா, கரடா என்று எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அச்சில் நாம் படிக்கும் புள்ளியெல்லாம் பதிப்பித்தவர்கள் யோசித்துப் போட்டவை. அந்த வகையில் கல்வெட்டுப் பதிப்பாசிரியர்தான் புரூஃப் பார்க்கிறவனுக்கு மூத்த அண்ணன்.

இவ்வளவு குழப்பம் இருக்கிற எழுத்தில் நிலத்தை விற்றார்கள், வாங்கினார்கள், வரி நீக்கினார்கள். எப்படிச் சமாளித்தார்கள்?

வாய்பாடு. நிலம் என்றால் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்று நாலு பக்கமும் சுற்றி வந்து, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம் என்று முடிப்பார்கள். எல்லையில் ஒரு வாய்க்கால் இருக்கும், இல்லாவிட்டால் இன்னொருவர் நிலம் இருக்கும். ஒரு எழுத்து மங்கினாலும் அடுத்த சொல் கைகொடுக்கும். வாய்பாட்டு எழுத்தைக் கேலி செய்வது இப்போ ஒரு பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொன்னதையே மறுபடி சொல்வது சிறுகதைக்குக் குறை. கிரயப் பத்திரத்துக்குக் காப்பு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆடு. கோயிலில் நந்தா விளக்கு எரிய வேண்டும். அதற்குத் தினமும் நெய் வேண்டும், பல ஊர்களில் நிசதம் உழக்கு நெய். சோழர் காலத்தில் ஒரு விளக்குக்குப் பொதுவாக 90 அல்லது 96 ஆடு கொடுத்தார்கள். அதை மன்றாடிகள் எனப்பட்ட இடையர்கள் வாங்கிக்கொண்டு நெய் அளப்பார்கள். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு! முதல் தடவை படிக்கிறவருக்குக் கவிதை மாதிரி இருக்கும். ஆனால் அது கணக்கு. ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையக் கூடாது, நெய்யும் குறையக் கூடாது. இன்றைக்கு ஒரு வக்கீல் இதற்கு அரைப் பக்கம் எழுதுவார். அவர்கள் மூன்றே சொல்லில் முடித்தார்கள். ஆடு செத்துப்போச்சு, நெய் இல்லை என்று மன்றாடி சொல்லவும் முடியாது. அந்தப் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே அந்த மூன்று சொல்லைப் படிக்கணும்.

அடுத்தது வினைமுற்று. ஊரார் நிலம் விற்றால் 'ஊரோம்' என்று தொடங்கும். சபை என்றால் 'சபையோம்'. நார்த்தாமலை, கொடும்பாளூர் மாதிரி வணிக நகரம் என்றால் 'நகரத்தோம்'. முடிவில் 'விற்றுக்குடுத்தோம்'. கொடுத்தோம் இல்லைங்க, குடுத்தோம். 'வைச்ச' விளக்கு என்றும் வரும். பேச்சு வழக்கு எழுத்தில் வரலாமா என்று இப்போ சண்டை போடுகிறோம். கல்தச்சர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே உளியால் தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஆனால் எனக்கு முக்கியம் 'குடு' இல்லை, அந்த 'ஓம்'. வாக்கியத்தின் இரண்டு முனையிலும் செய்தவன் நிற்கிறான். என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்றுதான் இருக்கும். யார் எடுப்பார், யார் பரிசீலிக்கிறார்? ஓரத்தில் 'யார்?' என்று எழுதி அனுப்புவேன். பெரும்பாலும் கேள்வியை அடித்துவிட்டு அதே வாக்கியம் திரும்பி வரும். இலக்கணப்படி அதில் பிழை இல்லைதான். ஆனால் குடிநீர்க் குழாய் வராத ஊர்க்காரர் எந்த வாசலில் போய் நிற்பது என்று அந்த வாக்கியம் சொல்லாது. 'ஊரோம்' சொல்லும்.

கல்வெட்டெல்லாம் தெளிவு என்று நான் கொண்டாட வரவில்லை. அவர்களும் சொதப்பியிருக்கிறார்கள். 'கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு' என்று மட்டும் போட்டு நிறையக் கல்வெட்டு இருக்கிறது. ராஜகேசரி, பரகேசரி என்பவை சோழர்கள் மாறி மாறி வைத்துக்கொண்ட பட்டங்கள். விஜயாலயனும் பரகேசரி, முதல் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. 'மதிரை கொண்ட' என்று ஓர் அடைமொழி இருந்தால் பராந்தகன் என்று பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் எழுத்தின் அமைப்பைப் பார்த்தும், கூட வரும் ஆட்களின் பெயரைப் பார்த்தும் யூகிக்க வேண்டியதுதான். எழுதினவருக்கு அரசன் யாரென்று சந்தேகமே இல்லை, அதனால்தான் எழுதவில்லை. 'இந்த ஆண்டு', 'தற்போதைய ஆட்சியர்' என்று எழுதுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

இதன் உச்சம் கொடும்பாளூர் மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் கட்டியது. தன் பெயரில் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்று என மூன்று விமானம். இன்று நிற்பது இரண்டு. அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு அவன் முன்னோரை வரிசையாகச் சொல்கிறது, போரைச் சொல்கிறது, மதுரையிலிருந்து வந்த மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடம் கொடுத்ததையும் சொல்கிறது. ஆண்டை மட்டும் சொல்லவில்லை. விளைவு, இவன் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்தன் காலத்தவனா, 10-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுந்தர சோழன் காலத்தவனா என்று அறிஞர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். கல்வெட்டு வீரபாண்டியன் என்கிறதே, அது எந்த வீரபாண்டியன் என்பதில் பாதி வாதம் போயிற்று. கோயிற்கலையின் வளர்ச்சியை எழுதுகிறவருக்கு எழுபது எண்பது வருஷம் சின்ன இடைவெளி இல்லை. கல்வெட்டில் ஓர் எண் இருந்திருந்தால் இத்தனை கட்டுரைகள் தேவைப்பட்டிருக்காது.

பல கல்வெட்டுகளின் கடைசியில் 'இவை இன்னார் எழுத்து' என்று கையொப்பங்கள் இருக்கும். விற்றவர்கள், சாட்சிகள், ஊர்க்கணக்கு என்று ஒவ்வொருவராக வருவார்கள். மேலே எழுதியிருப்பதற்கு நான் பொறுப்பு என்று அதற்குப் பொருள். போன வருஷம் ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போனேன், பெயர் வேண்டாம். திருப்பணி முடிந்து பளபளவென்று இருந்தது. அதிட்டானத்தின் கீழ்ப்பகுதி முழுக்க டைல்ஸ். மேல் வரிசையில் நான்கெல்லை தெரிகிறது, கொடுத்த நிலம் தெரிகிறது. கையொப்பம் இருக்க வேண்டிய வரிகள் டைல்ஸுக்கு அடியில் போய்விட்டன. பக்கத்தில் புதிதாகப் பதித்த கிரானைட் பலகையில் 'திருப்பணி சிறப்பாகச் செய்து முடிக்கப்பட்டது' என்று இருந்தது.