இரு நாட்டு உரிமையும் ஓர் அணியின் உடையும்: வட அயர்லாந்து ஹாக்கி இளைஞரின் தேர்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒருவர் இரண்டு தேசங்களின் பிரஜையாக இருப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கலாம். ஆனால் ஒரே போட்டியில் இரண்டு அணிகளின் உடையை அணிவதற்கு ஆடுகளம் இடங்கொடுப்பதில்லை. இவ்விரண்டு நியதிகளுக்கும் நடுவே நிற்கும் இளைஞர், பதினெட்டு, இருபது வயதிலேயே, அனுபவம் மிக்க முதியவர்களும் எளிதில் தீர்க்கவியலாத ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவராகிறார். அவர் சொல்லும் விடை எதுவாயினும், அதனைத் தேசாபிமானத்தின் அளவுகோலாகக் கொண்டு அவரை அளப்பதற்கு மக்கள் காத்திருக்கின்றனர். இந்த அளவுகோல் பிழையானது என்பதும், இளைஞரின் தேர்வை அவருடைய விசுவாசத்துக்குச் சாட்சியாகக் கொள்ளாமல் அவருக்குச் சந்தர்ப்பம் வழங்கிய ஸ்தாபனங்களின் நடத்தைக்குச் சாட்சியாகக் கொள்வதே நியாயம் என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முற்படும் கருத்துகளாம். இதற்குத் தக்க உதாரணமாக வட அயர்லாந்தின் ஹாக்கி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வோம்.

அயர்லாந்தின் ஹாக்கிச் சங்கம் 1893ஆம் ஆண்டில் தோன்றியது. 1895 ஜனவரியில் ரில் நகரில் வேல்ஸ் அணியை எதிர்த்து அயர்லாந்து ஆடிய ஆட்டமே இவ்விளையாட்டின் முதல் சர்வதேசப் பந்தயம் எனப்படுகிறது. 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், அயர்லாந்து அணி இறுதியாட்டம் வரை சென்று இங்கிலாந்திடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. பின்னர் 1921இல் அத்தீவு அரசியலால் இரண்டாகப் பிளவுண்டு, வட பகுதி மட்டும் பிரிட்டனோடு நின்றபோதிலும் ஹாக்கி பிளவுபடவில்லை. பெல்பாஸ்ட் நகரத்து இளைஞரும் டப்ளின் நகரத்து இளைஞரும் ஒரே அணியிலேயே ஆடிவந்தனர். அரசியல் எல்லை ஒன்றாகவும் ஆட்டத்தின் எல்லை வேறாகவும் அமைந்த இந்நிலையே பின்னாளைய சிக்கலுக்கு வித்தாயிற்று.

எனினும் நெடுங்காலம் அச்சிக்கல் வெளிப்படாதிருந்தது. 1908க்குப் பின் 2016 வரையில் அயர்லாந்தின் ஆடவர் அணி ஒலிம்பிக் களத்தில் காணப்படவில்லை. ஆகவே வட அயர்லாந்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் மற்றப் போட்டிகளில் அயர்லாந்துக்கும் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கும் ஆடுவது இயல்பாக இருந்தது. பாங்கர் நகரத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மார்ட்டின் 1984இல் வெண்கலப் பதக்கமும் 1988இல் சியோல் நகரில் தங்கப் பதக்கமும் வென்ற பிரிட்டிஷ் அணியில் ஆடியவர். ஜிம்மி கர்க்வுட் என்பவரும் அத்தங்கப் பதக்க அணியில் இடம்பெற்றவர். இவ்விருவரும் அயர்லாந்தின் உடையையும் அணிந்தவர்களே. மார்ட்டின் பிற்காலத்தில் அயர்லாந்து ஒலிம்பிக் குழுவின் தலைமை நிர்வாகியாகப் பதவி வகித்தார் என்பது கருதத்தக்கது. பிரிட்டனுக்காகப் பதக்கம் வென்ற ஒருவரிடம் அயர்லாந்து தன் ஒலிம்பிக் காரியங்களை ஒப்படைத்தது. இரு பற்றுகள் ஒரே நெஞ்சில் பகையின்றி வாழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை.

நிலைமை மாறியது, அயர்லாந்து தானே ஒலிம்பிக்கை அடைய உறுதிகொண்டபோது. அதுவரை ஒன்றையொன்று நிரப்பிவந்த இரு அணிகள் இப்போது ஒரே இடத்துக்குப் போட்டியிடுவனவாயின. இரண்டையும் வைத்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒன்றைக் கைவிட வேண்டியவரானார். இயன் லூயர்ஸ், மார்க் கிளெக்ஹார்ன், டேவிட் எய்ம்ஸ், இயன் ஸ்லோன் ஆகியோர் முதலில் அயர்லாந்துக்கு ஆடிப் பின்னர் இங்கிலாந்துக்கும், அதன் வழியே பிரிட்டனுக்கும் மாறினர். இவர்களுள் எய்ம்ஸும் ஸ்லோனும் குக்ஸ்டவுன் என்னும் ஒரே சிற்றூரிலிருந்து வந்தவர்கள். 2012 மார்ச் மாதத்தில், லண்டன் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியின் இறுதியாட்டத்தில், டப்ளின் மைதானத்திலேயே அயர்லாந்து தென்கொரியாவிடம் கடைசி விநாடிகளில் விழுந்த ஒரு கோலால் 3-2 என்னும் கணக்கில் தோற்றதை நினைவுகூர்ந்தால், ஒலிம்பிக் ஆசை கொண்ட ஓர் இளைஞரின் மனம் எத்தகைய நிச்சயமின்மையில் தவித்திருக்கும் என்பது விளங்கும். மறுபுறத்தில் பிரிட்டனோ, லாட்டரி வருமானத்திலிருந்து வரும் பொதுநிதியின் துணையால், பிஷம் அபியில் நிரந்தரப் பயிற்சி நிலையம் வைத்து, ஆட்டக்காரர்கள் வேறு தொழில் நாடாமல் ஆட்டத்திலேயே ஈடுபடும்படி உதவித்தொகையும் அளித்துவந்தது. அயர்லாந்திலோ, 2018இல் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்ற மகளிர் அணியினரே, அதற்கு முன்னர் அணியின் செலவுக்குத் தம் கைப்பணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. இந்த வேற்றுமையை மறந்துவிட்டு, மாறிச் சென்றவரின் நெஞ்சில் மட்டும் குறை தேடுவது ஆராய்ச்சிக்கும் நீதிக்கும் பொருந்தாது.

இனி முதல் ஆட்சேபத்தைக் கருதுவோம். பிறந்த மண்ணின் அணியை விட்டு வேறோர் அணிக்கு ஆடுதல் துரோகமன்றோ என்பர் சிலர். வட அயர்லாந்தைப் பொறுத்தவரை இக்கேள்வியே அடித்தளமற்றது. 1998 ஏப்ரல் 10ஆம் நாள் கையெழுத்தான பெல்பாஸ்ட் ஒப்பந்தம், அங்குப் பிறந்தவர் தம்மை ஐரிஷ்காரர் என்றோ, பிரிட்டிஷார் என்றோ, இரண்டுமே என்றோ கருதிக்கொள்வதைப் பிறப்புரிமையாக ஏற்று, இரு நாட்டுப் பிரஜாவுரிமையையும் வைத்திருக்கலாம் என்றும் உறுதி கூறியது. முப்பது ஆண்டுக்காலம் இரத்தம் சிந்திய ஒரு சமூகம், மனிதரை இரண்டில் ஒன்றாகுமாறு நிர்ப்பந்திப்பதே கலகத்தின் வேர் என்று கண்டு செய்துகொண்ட சமாதானம் அது. அரசியல் கைவிட்ட அந்த நிர்ப்பந்தத்தை விளையாட்டு மீண்டும் கையிலெடுத்தலாகாது. தாய்வழிப் பாட்டன் வீட்டிலும் தந்தைவழிப் பாட்டன் வீட்டிலும் உரிமையுள்ள பேரன் இவ்வாண்டுப் பொங்கலை ஒரு வீட்டில் கொண்டாடினால், மற்ற வீட்டாரை வெறுத்தான் என்று யாரும் சொல்வதில்லை.

இவ்வுண்மையை வடக்குத் தேசங்களின் ஐஸ் ஹாக்கி வரலாறும் உறுதிப்படுத்துகிறது. கனடாவில் பிறந்த பிரெட் ஹல், தாயின் வழியே அமெரிக்கப் பிரஜாவுரிமையும் உடையவர்; 1986ஆம் ஆண்டு உலகப் போட்டிக்குக் கனடா அவரை நாடாதபோது அமெரிக்கா அழைத்தது; அவரும் சென்றார். பத்தாண்டுகளுக்குப் பின் 1996 உலகக் கோப்பையில் அமெரிக்கா கனடாவையே வென்றபோது அவர் மீது எழுந்த கசப்பு, அவரைப் புறக்கணித்த தேர்வாளர்கள் மீதன்றோ எழுந்திருக்க வேண்டும்? செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு 1980இல் தப்பிச் சென்ற பீட்டர் ஸ்டாஸ்ட்னி முதலில் அந்நாட்டுக்கும், 1984இல் கனடாவுக்கும், அதற்குள் சுதந்திர நாடாகிவிட்ட ஸ்லோவாக்கியாவுக்கு 1994இலும் ஆடினார். கியூபெக் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர் மகன் பால், 2010ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் அணியில் நின்றார். தந்தையும் மகனுமாக நான்கு கொடிகளின் கீழ் நின்ற இக்குடும்பத்தின் கதையில் துரோகம் எங்கே என்று தேடினால் காணக் கிடைப்பது சரித்திரத்தின் அலைக்கழிப்பே.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஒரு சிறிய தேசத்தின் பள்ளிகளும் ஊர்க் கழகங்களும் பல ஆண்டுகள் உழைத்து ஓர் இளைஞரை உருவாக்க, பெரிய தேசம் விளைந்த பயிரை அறுத்துக்கொண்டு போவது எங்ஙனம் நியாயமாகும்? குக்ஸ்டவுன் கழகத்தில் மாலைதோறும் சம்பளமின்றிச் சிறுவர்க்குப் பயிற்சி தரும் ஒருவரை எண்ணிப் பார்க்கும்போது இவ்வினாவின் வேதனை புலப்படும். இதனை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்குப் பரிகாரம் இளைஞரைக் கட்டிப்போடுதல் அன்று. நஷ்டம் கழகத்துக்கும் சங்கத்துக்கும் நேர்ந்தது. அதனை ஈடு செய்ய வேண்டியது ஆட்டக்காரரைப் பெற்றுக்கொள்ளும் சங்கமேயாகும். ஒருவரின் வாழ்நாளை மற்றொருவரின் கணக்குக்கு ஈடாக வைப்பதை வேறெந்தத் தொழிலிலும் நாம் பொறுத்துக்கொள்வதில்லை.

இப்போது விதிகளை நோக்குவோம். ஒலிம்பிக் சாசனத்தின்படி இரு பிரஜாவுரிமை உடையவர் தாம் விரும்பிய நாட்டுக்கு ஆடலாம். ஒரு நாட்டுக்கு ஆடியபின் மாற விரும்பின் மூன்று ஆண்டுகள் கழிய வேண்டும். சம்பந்தப்பட்ட ஸ்தாபனங்கள் இசைந்தால் இக்காலம் குறைக்கப்படலாம். இவ்விதி அறிவுடையது, தேர்வுக்கு இடந்தந்து, அடிக்கடி மாறும் சபலத்துக்குத் தடையும் வைக்கிறது. ஐஸ் ஹாக்கியின் சர்வதேச விதியோ இன்னும் கடினமானது. மாறுபவர் புதிய நாட்டின் உள்நாட்டுப் போட்டிகளில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆடியிருக்க வேண்டும் என்றும், மாற்றம் வாழ்நாளில் ஒருமுறையே என்றும் அது கூறுகிறது. இளையோர் போட்டிகளும் நீண்டகாலம் இக்கட்டுப்பாட்டில் அடங்கியிருந்தன. மில்வாக்கியில் பிறந்து, பெலாரஸ் நாட்டு ஆட்டக்காரரின் மகனாய் ரஷ்யாவிலும் வளர்ந்த அலெக்ஸ் கால்சென்யூக், 2013இல் ரஷ்ய நகரமான ஊஃபாவில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றபோது அவருக்கு வயது பதினெட்டு. அவ்வயதினர் உறுதியோடு தேர்ந்தெடுத்தல் கூடும். ஆயினும் அவ்வயதின் முடிவை ஆயுள் முழுவதற்கும் முத்திரையிடுவது, முதிர்ச்சி என்பதற்கே இடமில்லாமற் செய்வதாகும்.

தேர்வில் மனச்சாட்சியின் பங்கும் உண்டு. தீவு முழுவதையும் பிரதிநிதித்துவம் செய்யும் ஹாக்கி அணி, இரு பகுதியாரும் தயக்கமின்றிப் பாடத்தக்க 'அயர்லாந்தின் அழைப்பு' என்னும் பாடலைத் தன் ஆட்டங்களுக்கு ஏற்றுக்கொண்டது. ஒலிம்பிக்கிலோ அயர்லாந்துக் குடியரசின் கொடியும் கீதமுமே உண்டு. பிரிட்டிஷ் மரபில் வளர்ந்த ஓர் இளைஞர் அக்கணத்தில் சங்கடமுறலாம். வேறொருவர் சிறிதும் உறாமலிருக்கலாம். 2018இல் லண்டனில் வெள்ளிப் பதக்கம் வென்ற அயர்லாந்து மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய கேட்டி மல்லனும் அனுபவம் நிறைந்த ஷெர்லி மெக்கேயும் வட அயர்லாந்தினரே. அயர்லாந்தில் நின்ற அவர்கள் உயர்ந்தனர். மாறிச் சென்றவர்களுக்கோ 2016 ரியோ ஒலிம்பிக் பதக்கம் தரவில்லை. அங்கே பிரிட்டனின் ஆடவர் அணியும் அயர்லாந்தின் ஆடவர் அணியும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. ஆகவே பலனைக் கொண்டு ஒருவரின் தேர்வைப் புகழ்வதும் மற்றொருவரின் தேர்வை இகழ்வதும் பொருளற்றவை.

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன இவை. இளையோர் போட்டியில் ஆடியமை எவரையும் நிரந்தரமாகப் பிணித்தலாகாது; முதியோர் அணிக்கு ஆடியபின் மாற்றம் நியாயமான காத்திருப்புக்குப் பின் அனுமதிக்கப்பட வேண்டும்; மாறும் ஆட்டக்காரரை உருவாக்கிய கழகத்துக்குப் பெறும் சங்கம் ஈடு தர வேண்டும்; இளைஞரை அழைக்கும் தேர்வாளர்கள், அவருக்கு உண்மையில் எத்தகைய இடம் காத்திருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்நான்கனுள் கடைசியானதற்குச் சட்டம் தேவையில்லை, நேர்மை போதும். அதுவே மிகவும் அரிதாகக் கிடைப்பதும் ஆகும். ஒரு தேசம் தன் இளைஞர் தன்னையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்று விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்துக்கு உரியதாகத் தன்னை ஆக்கிக்கொள்ளும் பொறுப்பு முதலில் தேசத்தினுடையது, இளைஞருடையதன்று.