இரண்டாம் சனிக்கிழமை

2007இல் கொட்டாரத்தில் எங்கள் வீட்டுக்குத் தபாலில் ஒரு உபுண்டு குறுந்தகடு வந்தது. இணையத்தில் முகவரியைப் பதிந்தால் கனோனிக்கல் நிறுவனம் உலகின் எந்த மூலைக்கும் ஓசியில் அனுப்பிவைத்த காலம் அது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தபால்காரர், "என்ன மக்கா, வெளிநாட்டு வேலையா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, சிடி."

"எவ்ளோ ரூவா?"

"சும்மாதான் தாறான்."

அவர் நம்பவில்லை.

நிறுவியபிறகுதான் சிக்கல். கணினிக்குள் இருந்த மோடம் ஓடவில்லை. அன்றைய மலிவு மோடம்கள் பலவும் தங்கள் வேலையில் பாதியை விண்டோஸ் மென்பொருளின் தலையில் கட்டிவிடுபவை. லினக்ஸில் அவை வெறும் தகடு. அதற்கான டிரைவர் இணையத்தில் இருக்கிறது, இணையத்துக்குப் போக மோடம் வேண்டும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடுகிற கதை. நாகர்கோவில் பிரவுசிங் சென்டரில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் பிரிண்ட் எடுத்து வந்தேன். பாதி புரியவில்லை. யாரிடம் கேட்பது? கல்லூரி நண்பர்களுக்கு ஒரே பதில்தான்: "விண்டோஸ போடுலே."

'யாரிடம் கேட்பது' என்ற இந்தத் தவிப்புக்குத்தான் கணினிப் பயனர் சங்கங்கள் பிறந்தன. 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் வீட்டு கார் ஷெட்டில் 30 பேர் அளவில் கூடினார்கள். நடுவில் ஒரு ஆல்டேர் 8800. அதுதான் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப். அங்கே வந்த ஸ்டீவ் வாஸ்னியாக், பின்னாளில் தன் ஆப்பிள்-1 கணினியின் வரைபடங்களை உறுப்பினர்களுக்குச் சும்மாவே கொடுத்தார். ஆனால் ஆல்டேருக்கான பேசிக் மென்பொருளையும் அவர்கள் நகலெடுத்துப் பகிர்ந்தபோது, 20 வயது பில் கேட்ஸ் 1976இல் பகிரங்கக் கடிதம் எழுதி அதைத் திருட்டு என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எழுதியவர் சம்மதிக்கவில்லையே. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தது: நகலெடுக்கும் உரிமையை எழுதியவரே கொடுத்துவிட்டால் பகிர்வதில் குற்றம் ஏது?

அந்த உரிமத்தின்கீழ் வந்த லினக்ஸைச் சுற்றி 1998 ஜனவரியில் சென்னையில் ஒரு குழு உருவானது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி மெட்ராஸ் வகுப்பறையில் கூடுவார்கள். வேலைக்காகச் சென்னை வந்தபிறகுதான் நானும் போனேன். அன்று ஒருவர் மடிக்கணினியோடு எழுந்து, "வைஃபை எடுக்கலைங்க" என்றார். பேச்சு முடிந்ததும் நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன படிச்சிருக்கே, எங்கே வேலை, ஒரு கேள்வியும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

கொட்டாரத்திலிருந்து அந்த வகுப்பறைக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஒரு இரவு ரயில். அந்தத் தூரத்தைவிட எனக்குப் பெரிய தடையாக இருந்தது ஆங்கிலம். சங்கம் கட்டணம் வாங்கவில்லைதான். ஆனால் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கத் தெரிந்திருப்பதே ஒரு நுழைவுச்சீட்டு. 2012இல் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டது. லினக்ஸ் கட்டளைகள், மைஎஸ்கியூஎல் என்று எல்லாம் எளிய தமிழில், யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தன. காஞ்சிபுரம், விழுப்புரம் என்று சென்னைக்கு வெளியேயும் குழுக்கள் முளைத்தன.

அந்த மோடம் கடைசிவரை ஓடவில்லை. குறுந்தகடு இன்னும் ஊரில் அலமாரியில் கிடக்கிறது. போன வாரம் சித்தி மகன் அழைத்தான். "அண்ணே, ஒரு எரர் வருது. கேட்டா சிரிப்பியோ?"

"சிரிக்க மாட்டேன். என்ன வருதுன்னு அப்படியே வாசி."

தமிழும் ஆங்கிலமுமாகத் திக்கித் திக்கி வாசித்தான். அன்று இரண்டாம் சனிக்கிழமை இல்லை. இருந்தாலும் கூட்டம் தொடங்கிவிட்டது.