நாம் எங்கே, புயல் எங்கே?

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அண்மையில் பேகம்பூர் என்றொரு பகுதி உண்டு. ஹைதர் அலியின் சகோதரியார் அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் ஆதலின் அப்பெயர் பெற்றது என்பர். பூட்டுக்கும் தோலுக்கும் பேர்போன ஊர் எங்களூர். கடலோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே புயல் என்றால் அது நாகப்பட்டினத்தாருக்கும் கடலூராருக்கும் உரிய துன்பம் என்றே நாங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இரவு அந்த எண்ணம் மாறிற்று. ‘கஜா’ என்னும் புயல் நாகைக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. கரை கடந்தபின் அது மேற்கே நகரும் என்று வானிலைத் துறையார் அறிவித்திருந்தனர். நாகையிலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்தால் அது எங்கள் தலைக்குமேல் அல்லவா செல்லும்! நான் பணி ஓய்வு பெற்றுச் சிறிது காலமே ஆகியிருந்தது. என்னிடம் முன்பு பயின்று இப்பொழுது அறிவியல் ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர், மடிக்கணினி ஒன்றையும் தீப்பெட்டி அளவான ஜி.பி.எஸ். கருவி ஒன்றையும் எடுத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்தார். “ஐயா, புயல் போகும் வழியைப் படத்தில் காட்டும் மென்பொருள் இதில் இருக்கிறது. இந்தக் கருவியை இணைத்துவிட்டால் நாம் இருக்கும் இடத்தையும் அதே படத்தில் குறித்துவிடும்” என்றார்.

இணைத்தோம். உடனே திரையிலிருந்த அம்புக்குறி பேய் பிடித்ததுபோல் ஆடத் தொடங்கியது! மூலைக்கு மூலை ஓடிற்று. கேளாமலே கோப்புகளைத் திறந்தது. காரணம் பின்னர் விளங்கியது. அக்கருவி நொடிக்கு ஒருமுறை சில வரிகளைக் கணினிக்கு அனுப்பும். ஒவ்வொரு வரியும் டாலர் குறியோடு தொடங்கும். மணி, அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு வரும். கப்பலிலுள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறை அது. எங்கள் கணினியோ அந்த வரிகளைப் பழைய வகை மவுஸ் ஒன்று அனுப்பும் அசைவுகள் என்று பிழையாக எண்ணிக்கொண்டது. கணினியின் பட்டியலில் இல்லாத அந்த மவுஸைத் தேடி நீக்கியபின் அம்புக்குறி அடங்கியது. பின்னும் கருவி வாய் திறக்கவில்லை. கணினியின் எந்த வாயில் வழியாக, எந்த வேகத்தில் அது பேசுகிறது என்பதை மென்பொருளுக்கு நாம்தாம் சொல்ல வேண்டும். நொடிக்கு 4800 பிட்டுகள் என்று குறித்தபின் வரிகள் வந்தன. ஆனால் இடம் குறிக்க வேண்டிய பகுதிகள் வெறுமையாக இருந்தன!

கான்கிரீட் கூரையின் கீழ் அமர்ந்துகொண்டு வானத்தோடு பேச முயன்றது எங்கள் தவறு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் குறிப்பொலி வந்து சேர வேண்டும். ஒவ்வொன்றும் தன் மணியையும் தான் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே செல்கிறது. அக்குறிப்பு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. நெடுநாள் உறங்கிக் கிடந்த கருவியாயின், எல்லாக் கோள்களின் பஞ்சாங்கத்தையும் முழுமையாகப் பெறப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். ஆகவே கருவியைக் கம்பியோடு நீட்டி மாடிச் சுவரின்மேல் குடை பிடித்து வைத்துக் காத்திருந்தோம். இறுதியில் திரையில் ஒரு புள்ளி தோன்றியது. தம்பி மகிழ்ச்சியால் கைதட்டினார். நான் உற்றுப் பார்த்தேன். புள்ளி நின்ற இடம் கொடைக்கானல் மலை!

மாணவர்களே, இப்பிழையைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்; தேர்வுத்தாளில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிவப்பு மையால் சுழித்த பிழை இதுதான். பேகம்பூர் இருப்பது வடக்கே 10 பாகை 21 கலையிலும் கிழக்கே 77 பாகை 58 கலையிலும் ஆகும். ஒரு பாகைக்கு அறுபது கலைகள். கருவி பாகையையும் கலையையும் அடுத்தடுத்து எழுதி அனுப்பியது. மென்பொருளில் நாங்கள் தேர்ந்தெடுத்த அமைப்போ அதனைப் பதின்மக் கணக்காக, 10.21 என்றும் 77.58 என்றும் படித்துவிட்டது. இரண்டு மணி முப்பது நிமிடத்தை 2.30 மணி என்று எழுதும் எட்டாம் வகுப்பு மாணவன் செய்யும் பிழைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. 21 கலை என்பது 0.35 பாகை, 58 கலை என்பது ஏறத்தாழ 0.97 பாகை. ஆகவே நாங்கள் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரும் மேற்கே 42 கிலோமீட்டரும் தள்ளப்பட்டு மலைமேல் ஏற்றப்பட்டோம்.

இதற்காக நாங்கள் வெட்கப்படவில்லை. நம் நாட்டின் நிலப்படம் முழுமையுமே ஒரு காலத்தில் இதுபோல் இடம் தவறி நின்றது. திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தது 1792இல். அதே ஆண்டில்தான் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது. சோழமண்டலக் கரையை அளந்து கடற்படம் வரைந்த மைக்கேல் டாப்பிங் என்பவர் அதனை அமைத்தார். கரையின் நெட்டாங்கு தெரியாமல் கப்பல்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. கோல்டிங்காம் என்பவர் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைப் பார்த்துப் பார்த்துச் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். 1802இல் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருநில அளவை, சென்னையின் தீர்க்கரேகையையே தன் தொடக்கமாகக் கொண்டது. பின்னாளில் தந்திக்கம்பி வழியே மணியை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அத்தீர்க்கரேகை ஏறத்தாழ இரண்டரைக் கலை பிழையானது என்று தெரிந்தது. அதாவது, இந்தியா முழுவதும் படத்தில் நான்கு கிலோமீட்டருக்குமேல் கிழக்கே தள்ளி நின்றிருக்கிறது! வானில் இயற்கையான நிலவுகளைக் கொண்டு அவர்கள் செய்த வேலையைத்தான், மனிதன் ஏவிய நிலவுகளைக் கொண்டு எங்கள் தீப்பெட்டி செய்தது.

அக்கூடத்தின் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டோடு, இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. வானாய்வுப் பணி 1899இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. வானிலைப் பணி சென்னையிலேயே தங்கியது. எங்கள் பிழைப்புள்ளி போய் அமர்ந்த மலையின்மேல் அந்தப் பழைய கூடத்தின் வழித்தோன்றல் இருப்பதை எண்ணி, அந்த மழையிலும் நான் சிரித்துக்கொண்டேன்.

இனிப் புயலின் இடம். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவரை நம் பாடநூல்கள் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் கருத்து. வங்கக் கடலில் புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளை அவர் ஆண்டுக்கணக்காகத் திரட்டினார். ‘இந்த நாளில், இந்த மணியில், இந்த இடத்தில், காற்று இந்தத் திசையிலிருந்து வீசியது’ என்ற குறிப்புகளை எல்லாம் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தார். புயல் நேர்க்கோட்டில் வீசுவதன்று, சுருண்டு சுழல்வது என்பதை அவ்வாறு உறுதி செய்தார். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை 1848இல் வழங்கியவர் அவரே. மாலுமிகளுக்காக அவர் எழுதிய நூலோடு ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இணைக்கப்பட்டிருந்தன. தகட்டில் வட்டங்களும் காற்றின் திசைக்குறிகளும் பொறிக்கப்பட்டிருக்கும். மாலுமி தன் கப்பல் இருக்கும் இடத்தைக் கடற்படத்தில் குறித்துக்கொள்வான். தனக்கு எத்திசைக் காற்று வீசுகிறதோ அக்குறி தன் கப்பல்மேல் பொருந்துமாறு தகட்டை வைப்பான். தகட்டின் நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே புயலின் மையம்! கொம்பை நீக்கிக் கண்ணாடித் திரையை வைத்தால் அதுவே எங்கள் மடிக்கணினி. கருவி எதுவும் இல்லாதவரும் ஒன்று செய்யலாம். நம் வடகோளத்தில், காற்று முதுகில் மோதுமாறு திரும்பி நின்றால் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும்.

மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்கும் எண்ணம் எழுந்தபோது, புயலலை அதனை அழித்துவிடும் என்று பிடிங்டன் 1853இல் தலைமை ஆளுநருக்கு எழுதினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. அவர் 1858இல் மறைந்தார். கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1867 நவம்பரில் புயல் அதனைச் சிதைத்தது.

துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். வானொலியில் ‘ஒன்றாம் எண் கூண்டு’, ‘பத்தாம் எண் கூண்டு’ என்று கேட்டிருப்பீர்கள். பதினோராம் எண் ஒன்றும் உண்டு. எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். பெரும்புயலுக்கு உரிய எண்ணுக்கும் மேலாக, செய்தி அறுந்ததற்கு ஓர் எண்ணை வைத்தவர்கள் பட்டறிவு உடையவர்கள்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியில் நேர்ந்தது அதுவே. அப்போது எனக்குப் பள்ளி செல்லும் வயது ஆகவில்லை. பெரியவர்கள் நகராட்சிப் பூங்காவின் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து பேச்சின்றி நின்றது மட்டும் நினைவில் நிற்கிறது. வங்கக் கடற்கரையில் புயல் கண்டறியும் ராடார் ஒன்றும் அந்நாளில் இல்லை. விசாகப்பட்டினத்தில் 1970இலும் சென்னையில் 1973இலுமே அவை வந்தன. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் ரயில், நிலையத்தை அடையுமுன்பே அலையில் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தண்டவாளத்தின்மேல் செல்லும் வண்டிக்குத் தன் இடம் தெரியாமற் போகாது. புயலின் இடத்தை அவ்வோட்டுநருக்குச் சொல்ல அந்த இரவில் ஒரு கம்பியும் எஞ்சியிருக்கவில்லை.

ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அதே குறை நம்மைக் கொன்றது. 2017 நவம்பர் 29இல் குமரிமுனைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ‘ஒக்கி’ புயலாக மாறியது. தூத்தூர், வள்ளவிளை முதலிய குமரி மாவட்டத்து ஊர்களின் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அவர்களுடைய படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இருந்தது. தாம் நிற்கும் இடத்தை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். கைப்பேசிக்கோ கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உயிர் இல்லை. எச்சரிக்கை கரையில் ஒலித்தது, கடலில் எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரையில் காத்திருந்த பெண்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை.

அதன்பின் வந்ததே ‘ஜெமினி’ என்னும் சிறு பெட்டி. நடுவண் அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2019 அக்டோபரில் அதனை வெளியிட்டது. விமானங்களுக்கு வழிகாட்ட அமைந்த ‘ககன்’ செயற்கைக்கோள் வழியே, ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை அப்பெட்டிக்கு வருகிறது. பெட்டி அதனைக் கம்பியின்றி ‘புளூடூத்’ முறையில் மீனவரின் கைப்பேசிக்குத் தருகிறது. செய்தி தமிழிலேயே திரையில் தோன்றும். அதாவது, இடம் அறியும் கருவியையும் செய்தி காட்டும் கருவியையும் நாங்கள் பேகம்பூர் மாடியில் இணைத்ததுபோல் அவர்கள் கடலுக்காக இணைத்தார்கள். ஒரு குறை உண்டு. பெட்டி கேட்குமே தவிரப் பேசாது. ‘ஆபத்தில் இருக்கிறேன்’ என்று மீனவர் அதன் வழியே கரைக்குச் சொல்ல இயலாது.

கஜா இரவுக்குத் திரும்புகிறேன். பாகை, கலை அமைப்பைத் திருத்தியவுடன் எங்கள் புள்ளி மலையிறங்கிப் பேகம்பூருக்கு வந்தது. நள்ளிரவுக்குப் பின் புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடப்பதாகச் செய்தி வந்தது. வானிலைத் துறை அறிவித்த அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தம்பி தட்டச்சு செய்தார். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மணிக்கு இருபது கிலோமீட்டர் என்று கொண்டால் பத்து மணி நேரம். எங்கள் தெருக்கோடியில் தகரக்கூரை வீட்டில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் இருந்தது; அதன்மேல் சாய்ந்தவாறு ஒரு பழைய வேப்பமரம். அவர்களை எழுப்பி எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவருடைய வயது முதிர்ந்த தாயார் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே மடிக்கணினியின் அருகே வந்து அமர்ந்தார்.

“புயல் எங்கே வருது, வாத்தியாரய்யா?”

“இதோ இந்தச் சிவப்புப் புள்ளி, அம்மா.”

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையின் மறுபக்கத்தை விரலால் தடவிக் கேட்டார்: “இதிலே நம்ம வேப்பமரம் எங்கே இருக்கு?”